மோடம் வாங்கும் முன் லைனை அளந்து பாருங்கள்

திருமங்கலத்தில் இருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் ஒரு பழைய நோட்புக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். 386 பிராசசர், கறுப்பு வெள்ளைத் திரை, பின்பக்கம் ஒன்பது முள் சீரியல் போர்ட் ஒன்று, யூஎஸ்பி கிடையாது. "அண்ணே, இதுக்குச் சின்னதா ஒரு மோடம் வேணும், அடாப்டர் இல்லாம டெலிபோன் லைன்லயே ஓடுமே, அந்த மாதிரி. பழைய சாமான் கடையில மூணு கிடக்கு, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டான். மோடம் என்பது கம்ப்யூட்டரின் தகவலைச் சத்தமாக மாற்றி டெலிபோன் லைனில் அனுப்பும், வருவதைத் திருப்பி மாற்றும் பெட்டி. நான் அவனிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: உன் வீட்டு லைனில் எத்தனை மில்லி ஆம்பியர் வருது?

அவன் முழித்தான். யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் முழிப்பார்கள், ஏனென்றால் மோடம் என்றதும் எல்லாரும் வேகத்தைத்தான் கேட்பார்கள், விநாடிக்கு 2400 பிட்டா 9600 பிட்டா என்று. ஆனால் லைனிலேயே கரண்ட் எடுத்து ஓடும் மோடத்தைப் பொறுத்தவரை வேகம் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் லைன், அடுத்து கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட், மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த மோடத்தின் அருமை எனக்குத் தெரிந்தது வேலை செய்த இடத்தில். மருந்து மொத்தக் கடை ஒன்றுக்காக உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கமெல்லாம் ஆர்டர் எடுக்கப் போவேன். சாயங்காலம் ஏதாவது ஒரு எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்து அன்றைய ஆர்டரை மதுரைக்கு அனுப்ப வேண்டும். மஞ்சள் போர்டு போட்ட பூத் எல்லா ஊரிலும் இருந்தது, ஆனால் பூத்துக்குள் பிளக் பாயின்ட் இருக்காது. இருந்தாலும் கரண்ட் இருக்காது. கரண்ட் போனாலும் டெலிபோன் மட்டும் ஓடும், ஏனென்றால் அதற்கான கரண்ட் எக்ஸ்சேஞ்சில் உள்ள பெரிய பேட்டரிகளிலிருந்து செம்புக் கம்பி வழியாக வருகிறது. அந்தக் கம்பியிலிருந்தே மோடமும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டால் அடாப்டரும் வேண்டாம், ஒன்பது வோல்ட் பேட்டரியும் வேண்டாம். சிகரெட் பாக்கெட் அளவுப் பெட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

சரி, அந்தக் கம்பியில் எவ்வளவுதான் கிடைக்கும்?

ரிசீவரை எடுக்காமல் இருக்கும்போது லைனில் 48 வோல்ட் டிசி நிற்கும். ஆனால் அந்த நேரத்தில் அதிலிருந்து கரண்ட் எடுக்கக் கூடாது. சில மில்லி ஆம்பியர் ஓடினாலே யாரோ ரிசீவரை எடுத்துவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்து டயல் டோன் கொடுத்துவிடும், அப்புறம் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் எங்கேஜ் ஆகிவிடும். ஆக, லைன் மோடத்துக்கு உயிர் வருவதே லைனை எடுத்த பிறகுதான். எடுத்ததும் வோல்டேஜ் சட்டென்று ஏழெட்டு வோல்ட்டுக்கு விழும், கரண்ட் ஓட ஆரம்பிக்கும். எவ்வளவு கரண்ட் என்பது தூரத்தைப் பொறுத்தது. 0.4 மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று கேபிளுக்குள் கம்பியின் கனம் மாறும். அரை மில்லிமீட்டர் செம்பு என்றால் கிலோமீட்டருக்குப் போக வர சுமார் 180 ஓம் தடை, 0.4 மில்லிமீட்டர் என்றால் சுமார் 280 ஓம். எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே ஒரு 400 ஓம் வைத்துக்கொள்ளுங்கள், மோடம் ஒரு 250. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் சிம்மக்கல் வீட்டில் 40, 50 மில்லி ஆம்பியர் தாராளமாக வரும். ஆறு கிலோமீட்டர் தள்ளி மெல்லிய கம்பியில் தொங்கும் கிராமத்து வீட்டில் கணக்குப்படியே 20 மில்லி ஆம்பியர்தான். நடுவில் கம்பத்தின் மேல் மழையில் நனைந்து பச்சை பூத்த ஜாயின்ட் இரண்டு இருந்தால் 15, 16க்கு இறங்கிவிடும்.

20 மில்லி ஆம்பியரை ஏழு வோல்ட்டால் பெருக்கினால் 140 மில்லி வாட். அதையும் முழுசாகத் தின்ன முடியாது, பேச்சுச் சத்தம் போகிற அதே கம்பி என்பதால் அந்த அலைகளைக் கெடுக்காமல் எடுக்க வேண்டும், அதை 5 வோல்ட்டாக்கி மோடத்தின் சில்லுகளுக்குக் கொடுக்கும்போது கையில் மிஞ்சுவது இன்னும் குறைவு. மேசையில் வைக்கும் சாதாரண மோடம் ஒன்றிரண்டு வாட் சாப்பிடும். அதில் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த வேண்டிய பெட்டி இது. வேகத்துக்கு ஏன் வரம்பு என்பதும் இதில்தான் இருக்கிறது. 300, 1200, 2400 வேகங்களுக்குக் கணக்குப் போடும் வேலை குறைவு, குறைந்த கரண்டில் ஓடும் சில்லு போதும். 9600க்குப் போனாலே, தான் அனுப்பியதே திரும்பி வரும் எதிரொலியை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கணக்கிட்டுக் கழிக்க வேண்டும், அந்த வேலைக்கு லைன் கொடுக்கிற பிச்சைக் கரண்ட் போதாது. நான் கையில் எடுத்துப் பார்த்த லைன் மோடம்கள் எல்லாமே 1200 அல்லது 2400தான்.

2400 போதுமா என்று கேட்பீர்கள். என் ஆர்டர் கோப்பு ஒன்று மூன்று கேபி இருக்கும். 2400 வேகத்தில், எழுத்துக்குப் பத்து பிட் வீதம், விநாடிக்கு 240 எழுத்து போகும், ஆக 13 விநாடி. முதலில் இரண்டு மோடமும் கைகுலுக்கிக்கொள்ள 2400இல் ஐந்தாறு விநாடி ஆகும். 28,800 வேக மோடத்துக்கு அதே கோப்பு ஒரு விநாடி, ஆனால் அது லைனை அளந்து பார்த்துச் சமாதானமாகவே பத்து பதினைந்து விநாடி எடுத்துக்கொள்ளும். மொத்தத்தில் கிட்டத்தட்ட ஒரே நேரம், பூத் மீட்டரில் ஒரே காசு. பெரிய கோப்பு அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஆனால் பெரிய கோப்பு அனுப்புகிறவர் லைன் மோடத்தைத் தேடி வரவே வேண்டாம்.

இப்போது கடையில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். மூடியைக் கழற்ற அனுமதித்தால் கழற்றுங்கள். உள்ளே லைன் பக்கத்தில், பிளஸ் மைனஸ் எப்படி வந்தாலும் ஒரே பக்கமாக்கும் டையோடு பிரிட்ஜுக்குப் பக்கத்தில், கரண்டைச் சேமித்து வைக்கும் ஒரு உருளை கபாசிட்டர் நிற்கும். அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். நம் ஊருக்கு அது ரொம்ப முக்கியம், காரணம் பல்ஸ் டயலிங். 1986இல் கர்நாடகத்தில் கித்தூரில் மத்திய அரசின் தொலைபேசி ஆராய்ச்சி நிறுவனமான சிடாட் செய்த முதல் கிராம எக்ஸ்சேஞ்ச் வந்த பிறகு 128 போர்ட் கொண்ட அந்தப் பெட்டிகள் நாடு முழுக்கப் பரவின, ஏசி இல்லாத அறையிலும் ஓடின, பெரிய காரியம் அது. ஆனால் கிராமத்து லைன்களில் பல வருடம், எண்ணுக்கு ஒரு சத்தம் அனுப்பும் டோன் முறையில் போட்டால் எடுக்காது, பல்ஸ் போட்டால்தான் எடுக்கும். பல்ஸ் என்றால் லைனை வெட்டி வெட்டி ஒட்டுவது, விநாடிக்குப் பத்து வெட்டு, ஒவ்வொரு வெட்டும் 67 மில்லி விநாடி. அந்த 67 மில்லி விநாடியும் மோடத்துக்குச் சோறு கிடையாது, கபாசிட்டரில் சேமித்ததை வைத்துத்தான் உயிரோடு இருக்க வேண்டும். மோடம் 10 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்தால், 470 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டரில் ஒரு வெட்டுக்கு ஒன்றரை வோல்ட் இறங்கும், தாங்கிக்கொள்ளலாம். அதுவே 100 மைக்ரோ ஃபாரட் என்றால் ஆறரை வோல்ட்டுக்கு மேல் இறங்கும், அதாவது முதல் எண்ணை டயல் செய்யும்போதே மோடம் செத்து மறுபடி பிறக்கும். பேரையூர்ப் பக்கம் ஒரு பூத்தில் எனக்கு இதுதான் நடந்தது. அரை மணி நேரம் டயல் செய்தேன், ஒவ்வொரு தடவையும் முதல் எண்ணோடு விளக்கு அணைந்துவிடும். மோடம் கெட்டுப்போச்சு என்று மதுரைக்குத் திரும்பி வந்து வீட்டில் போட்டால் நன்றாக ஓடியது. வீட்டில் டோன் லைன். அப்புறம்தான் காரணம் புரிந்தது, சிம்மக்கல்லில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் கபாசிட்டரை மாற்றி வாங்கிக்கொண்டேன்.

பூத் லைனில் இன்னொன்றும் இருந்தது. எதிர்முனை எடுத்ததும் காசு கணக்கு ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காகப் பல பூத்களில் லைனின் பிளஸ் மைனஸ் அந்த நொடியில் திரும்பும். பிரிட்ஜ் இருக்கிற மோடம் எந்தப் பக்கமாக வந்தாலும் வாங்கிக்கொள்ளும், ஆனால் திரும்புகிற கணத்தில் ஒரு சின்னத் துண்டிப்பு வரும், அங்கேயும் அந்தக் கபாசிட்டர்தான் காப்பாற்ற வேண்டும். சில பூத்களில் மீட்டருக்காக 16 கிலோ ஹெர்ட்ஸ் துடிப்பு அனுப்புவார்கள், அது காதுக்குக் கேட்காது, ஆனால் வடிகட்டி சரியில்லாத மோடத்தில் குப்பை எழுத்தாக வந்து விழும். இன்றைக்கு பூத் இல்லை என்பதால் இதை நீட்டவில்லை.

கம்ப்யூட்டர் பக்கத்துக்கு வருவோம், தம்பியின் நோட்புக்கில் தலைவலி அங்கேதான். லைன் பக்கத்தையும் கம்ப்யூட்டர் பக்கத்தையும் மோடம் மின்சாரத் தொடர்பில்லாமல் பிரித்து வைக்க வேண்டும், நடுவில் ஒளியால் செய்தி கடத்தும் ஆப்டோ கப்ளர் இருக்கும். இதில்லாத மோடத்தைத் தொடவே தொடாதீர்கள். மணி அடிக்கும்போது லைனில் 75 வோல்ட் ஏசி வருகிறது, ஐப்பசி இடியில் அதைவிடப் பல மடங்கு வரும், அது நேரே நோட்புக்குக்குள் இறங்கக் கூடாது. ஆனால் பிரித்து வைத்ததால் கம்ப்யூட்டர் பக்கத்துச் சுற்றுக்கு லைன் கரண்ட் வராது, அதற்கு வேண்டியதைச் சீரியல் போர்ட்டில் கம்ப்யூட்டர் தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் டிடிஆர், ஆர்டிஎஸ் கம்பிகளிலிருந்து உறிஞ்ச வேண்டும். மேசைக் கம்ப்யூட்டரில் அந்தக் கம்பிகளில் 12 வோல்ட் வரை வரும், உறிஞ்சலாம். நோட்புக்கில் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஒரு சின்னச் சில்லு 5 வோல்ட்டைக் கொண்டே பிளஸ், மைனஸ் இரண்டையும் உருவாக்குகிறது, பாரம் ஏற்றினால் தள்ளாடும். சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ் 232 தரமே உறுதி சொல்வது 3000 ஓம் பாரத்தில் 5 வோல்ட், அதாவது இரண்டு மில்லி ஆம்பியருக்கும் கீழே. ஆக, கடைக்காரர் தன் மேசைக் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிக் காட்டினார் என்பதை நம்பி வாங்காதீர்கள். உங்கள் நோட்புக்கையே கடைக்குக் கொண்டுபோங்கள். மல்டிமீட்டரில் நான்காம் முள்ளுக்கும் (டிடிஆர்) ஐந்தாம் முள்ளுக்கும் (கிரவுண்ட்) நடுவே அளந்து பாருங்கள், மோடத்தோடு பேசும் டெர்மினல் புரோகிராமைத் திறந்து வைத்து, மோடம் மாட்டாமல் ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை. மாட்டியதும் 5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அந்த ஜோடி ஒத்துவராது.

மோடத்துக்குப் புத்தி எப்போது வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் காலத்திலிருந்து ஏடி என்று தொடங்கும் கட்டளைகளைத் தட்டித்தான் மோடத்தை ஓட்டுகிறோம். லைனை எடுக்காதவரை கரண்ட் இல்லை என்றால் ஏடி என்று தட்டினால் யார் கேட்பது? சில மோடம்கள் டிடிஆர் உயர்ந்ததும் லைனை எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும், நீங்கள் டயல் டோன் போய்விடும் முன் எண்ணைத் தட்டிவிட வேண்டும். சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கும், டெலிபோனிலேயே டயல் செய்து எதிர்முனையின் கீச்சுச் சத்தம் கேட்டதும் சுவிட்சைத் தள்ளி ரிசீவரை வைக்க வேண்டும். எனக்குப் பிடித்தது சுவிட்ச் வைத்ததுதான், தொந்தரவு குறைவு. எதிர்முனையில் தானாக எடுக்கும் வேலைக்கு மட்டும் லைன் மோடத்தை வைக்காதீர்கள், அங்கே அடாப்டர் போட்ட மோடம்தான் சரி.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மோடம் என்றால் 300, 1200 வேகங்களில் அமெரிக்க பெல் தரமும் நாம் பின்பற்றும் சர்வதேசத் தரமும் வேறு வேறு. 300இல் இரண்டும் பேசவே பேசாது, அலைவரிசைகளே வேறு. சர்வதேசத் தரத்துக்கு மாற்றும் ஏடிபி0 போட்டுப் பாருங்கள், அந்தக் கட்டளையை ஏற்றால் பிழைத்தது. 2400க்கு உலகம் முழுக்க வி.22 பிஸ் என்ற தரம் ஒன்றுதான், அந்தக் குழப்பம் இல்லை, அதற்காகவே 2400 வாங்கச் சொல்வேன். நம் டயல் டோன் அமெரிக்க டோன் மாதிரி இல்லாததால் டயல் டோன் இல்லை என்று மோடம் அடம் பிடிக்கும், ஏடிஎக்ஸ்3 தட்டினால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

தமிழில் எழுதி அனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. பழைய டெர்மினல் புரோகிராம்கள் பலவற்றில் எழுத்துக்கு ஏழு பிட், ஈவன் பேரிட்டி (பிழை பார்க்க ஒரு கூடுதல் பிட்) என்று போட்டு வைத்திருப்பார்கள், ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழ் எழுத்துகள், குறியீட்டு முறை டிஸ்கி ஆனாலும் 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு வந்த டாப், டாம் ஆனாலும், எட்டாவது பிட்டில்தான் இருக்கின்றன. அதை வெட்டினால் ஒரு எழுத்தும் மிஞ்சாது. எட்டு பிட், பேரிட்டி இல்லை என்று மாற்றிக்கொள்ளுங்கள். டிஸ்கியில் 2000 குறியீடு கொண்ட பக்கம் ஒன்று 2400 வேகத்தில் எட்டு விநாடிக்குச் சற்று மேலே போய்விடும். அதே அளவு யூனிகோடில், யூடிஎஃப் 8ஆக, ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 25 விநாடி வரை. ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றாகவும் இரண்டாவது இரண்டே வகையாகவும் வருவதால் சுருக்கினால் நன்றாகச் சுருங்கும். லைன் மோடத்துக்குள் சுருக்குகிற வசதியும் பிழை திருத்துகிற வசதியும் பெரும்பாலும் இருக்காது, அதற்கும் கரண்ட் வேண்டுமே, ஆகவே கம்ப்யூட்டரிலேயே ஜிப் செய்து, பிழை பார்த்துக் கோப்பு அனுப்பும் இசட்மோடம் என்ற முறையில் அனுப்புங்கள்.

வீட்டில் அதே லைனில் இன்னொரு பேரலல் போன் இருந்தால் அனுப்பும் நேரத்துக்குக் கழற்றி வையுங்கள். யாராவது அதை எடுத்தால் சத்தம் கலப்பது மட்டுமில்லை, இருக்கிற 20 மில்லி ஆம்பியரில் பாதியை அது எடுத்துக்கொள்ளும், மோடம் பட்டினியில் படுத்துவிடும். அடாப்டர் மோடம் என்றால் தொடர்பு மட்டும்தான் போகும், இது மொத்தமாகவே அணைந்துவிடும்.

மேலூர்ப் பக்கம் ஒரு வரலாறு உண்டு, அதை விட மனசில்லை. சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசியை வைத்து 2001இல் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள், அங்கிருந்து கண் படம் எடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். அதில் சுவரில் மாட்டும் பெட்டியிலிருந்தே சீரியல் கம்பி கம்ப்யூட்டருக்கு வந்தது, 35 அல்லது 70 கிலோ பிட் வேகம், மோடமே தேவையில்லை. அதே பெட்டியின் போன் பிளக்கில் மோடத்தைச் சொருகினால், குரலை 32 கிலோ பிட்டாகச் சுருக்கி அனுப்பும் ஏற்பாடு என்பதால் 2400 போகும், 28,800 மூச்சு முட்டும்.

இன்றைய ஃபைபர் இணைப்பிலும் இதே கதைதான். வீட்டுப் பெட்டியின் பின்னால் போன் பிளக் இருக்கிறது, அந்தப் பெட்டி பக்கத்து அறை வரை போனை ஓட்டத்தான் செய்யப்பட்டது, 20 மில்லி ஆம்பியர் சுற்றி வரும். கம்பி நீளமில்லாததால் அது சிதறாமல் கிடைக்கும், லைன் மோடத்துக்கு நல்ல செய்தி. ஆனால் கரண்ட் போனால் பெட்டியும் போகும், எக்ஸ்சேஞ்ச் பேட்டரி கை கொடுக்காது, பெட்டிக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வேண்டும். குரலைச் சுருக்காமல் அனுப்பும் ஜி.711 முறையில் அனுப்பினால் 2400 தாங்கும், ஜி.729 முறையில் ரொம்பச் சுருக்கினால் எந்த மோடமும் தாங்காது. உங்கள் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம், யூஎஸ்பி மோடம் வாங்குங்கள், இரண்டரை வாட் வரை அதுவே கொடுக்கும்.

தம்பி மறுநாள் மீட்டரோடு உட்கார்ந்தான். லைனில் ஒரு கம்பியை, சுவரில் டெலிபோன் இணைக்கும் ரோசெட் பெட்டியில் கழற்றி நடுவே மீட்டரை வைத்து ரிசீவரை எடுத்தான்: 23 மில்லி ஆம்பியர், இன்னும் செம்பு லைன்தான். டிடிஆரில் 5.8 வோல்ட். கடையில் கிடந்த மூன்றில் ஒன்றுக்கு ஆப்டோ இல்லை, ஒன்றில் கபாசிட்டர் 100. மூன்றாவது 2400, பக்கவாட்டில் சுவிட்ச், உள்ளே 470. அதை மாட்டியதும் டிடிஆர் 5.3இல் நின்றது. அதையே எடுத்துக்கொண்டான். கபாசிட்டர் பழையது, வீங்கியிருந்தால் மாற்று என்று சொல்லி அனுப்பினேன், அவன் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மோடத்துக்கு அழைத்து எட்டு கேபி தமிழ்க் கோப்பு ஒன்றை ஒரு எழுத்து சிதையாமல் அனுப்பினான்.